வாய் மடிந்த அரிவாளும் பொக்கை விழுந்த கத்தியும்

திருப்புவனம் பக்கம் வைகைக் கரையை ஒட்டி சித்தப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே தினமும் கைக்கு வருகிற வெட்டுக் கருவிகள் இரண்டு. வேலிமுள், விறகு, காய்ந்த மட்டைக்கு ஒரு வெட்டரிவாள். இளநீர் சீவ ஒரு நேரான வெட்டுக்கத்தி. இரண்டும் லாரியின் வில்பட்டையில், ஒரே பட்டறையில், ஒரே ஆசாரி அடித்தவை. போன கோடையில் இரண்டும் அடுத்தடுத்துக் கெட்டன. அரிவாளின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடிந்தது. கத்தியின் வாயில் சில்லுத் தெறித்துப் பொக்கை விழுந்தது. வீட்டில் எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: "இரும்பு சரியில்ல. ஆசாரி ஏமாத்திட்டாரு."

இந்தக் காரணத்தை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. வாய் மடிகிறதென்றால் அது தேவைக்கு மேல் மென்மையாக இருக்கிறது, அல்லது தேவைக்கு மேல் மெலிந்திருக்கிறது. பொக்கை விழுகிறதென்றால் ஒன்று மிகக் கடினமாக இருக்கிறது, இல்லை தன்னைவிடக் கடினமான எதன்மேலோ மோதியிருக்கிறது. இரண்டும் நேரெதிர்க் கோளாறுகள். பல வருடமாக ஒரே மாதிரி வேலை செய்த ஆசாரி ஒரு கருவியில் ஒரு பக்கமும் இன்னொன்றில் எதிர்ப்பக்கமும் தவறியிருப்பார் என்பதைவிட, கருவிகள் வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலையாகப் பட்டது. அதனால் தீட்டுவதற்கு முன்னால் இரண்டு வாயையும் வெயிலில் பிடித்து நன்றாகப் பார்த்தேன். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான். மழுங்கிவிட்டது என்றதும் கல்லை எடுத்துத் தேய்த்து, கெட்டதற்கான தடயத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறோம்.

முதலில் இரும்பைப் பற்றிக் கொஞ்சம். லாரி, பஸ் அடியில் அடுக்காக இருக்கும் பட்டைகள் சாதாரண இரும்பு அல்ல. சிலிக்கான்–மாங்கனீசு அல்லது மாங்கனீசு–குரோமியம் கலந்த வில் எஃகு. கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். கட்டிடக் கம்பி, ஆங்கிள் மாதிரியான மென்னிரும்பில் இதில் பாதிகூட இருக்காது என்பதால் அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் பதம், அதாவது வாய்க்கு வேண்டிய கடினம், ஏறாது. பட்டை எஃகைச் செஞ்சூட்டுக்குக் கொண்டுபோய், காந்தம் ஒட்டாத நிலையையும் தாண்டி, அதாவது 800 டிகிரிக்கு மேல் காய்ச்சித் தோய்த்தால் நன்றாக இறுகும். ஆனால் அந்த நிலையில் அது நொறுங்கும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

இந்த இளஞ்சூட்டை ஆசாரிகள் கண்ணால் அளக்கிறார்கள். வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, கல்லில் ஒரு தேய் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கும்போது அந்தப் பளபளப்பில் நிறம் ஓடும். வைக்கோல் மஞ்சள் 220, 230 டிகிரி அளவில், பழுப்பு 260 அளவில், பிறகு ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். வெட்டரிவாளுக்குப் பழுப்பும் ஊதாவும் சேரும் இடத்தில் மறுபடி தண்ணீரில் அமுக்கி நிறுத்துவார்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய வாய்ப்பதே பெரிய கைப்பக்குவம். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் வந்ததற்கு இரும்பைவிட இந்தக் கைதான் காரணம் என்பது என் எண்ணம்.

அரிவாள்

வெயிலில் வாயை நம்மை நோக்கிப் பிடித்தால் கூரான இடம் கண்ணுக்குத் தெரியாது, மழுங்கின இடம் வெள்ளிக்கோடாக மின்னும். இந்த அரிவாளில் அந்த வெள்ளிக்கோடு வளைவின் நுனியிலிருந்து கைப்பிடிப் பக்கம் வரை ஒரே சீராக ஓடியது. விரலால் பக்கவாட்டில் தடவினால் வாய் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. ஆனால் பிடியை ஒட்டின இரண்டு விரல்கடை நீளம் மட்டும் எதுவும் ஆகாமல் இருந்தது. வழக்கெல்லாம் அந்த இரண்டு விரல்கடையில்தான் இருக்கிறது.

சித்தப்பாவிடம் கேட்டபோது விஷயம் வந்தது. இரண்டு கோடையாக அதே சீமைக்கருவேல முள்ளைத்தான் வெட்டியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. கோடைக்கு முன்னால் தெருவில் வந்த ஒருவரிடம் கொடுத்துச் சாணை பிடித்திருக்கிறார்கள். சைக்கிளை மிதித்துச் சுற்றும் சாணை அல்ல, கையில் பிடிக்கும் கிரைண்டர். ஐந்து நிமிடத்தில் பளபளவென்று கொடுத்துவிட்டார். மறுநாள் வேலி வெட்டப் போனால் மதியத்துக்குள் வாய் மடிந்துவிட்டது.

கை கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். முதுகில் பட்டால் அவ்வளவு தடிமனும் சூட்டை வாங்கிக்கொள்ளும். வாயோரம் காகிதக் கனத்துக்கு மெலிந்த இடம், அங்கே சூட்டுக்குப் போக வழியில்லை. கண் இமைக்கும் நேரத்தில் 300, 400 டிகிரியைத் தாண்டிவிடும். தாண்டினால் ஆசாரி நிறுத்தி வைத்த பதம் போச்சு. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. நீலம் பாய்ந்தது தெரியாமலே போகலாம். கடைசியாக ஒரு மெல்லிய ஓட்டு ஓட்டும்போது நிறத்தோல் உரிந்துவிடும், மெதுமை மட்டும் உள்ளே தங்கிவிடும். பளபளப்பைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம்.

இங்கே அந்தக் கடைசி ஓட்டு பிடியருகே எட்டவில்லை. பிடியை இறுக்கும் இரும்பு வளையமான பூணில் இடிக்கும் என்று கிரைண்டரின் சுழல்தட்டை அதற்கு முன்பே தூக்கிவிட்டிருக்கிறார். தட்டு நின்ற இடத்தில் கடுகளவு நீலக்கறை மிச்சமிருந்தது. அரத்தை எடுத்துச் சோதித்தேன். கடினமான இரும்பில் அரம் வழுக்கும், மென்மையானதில் கடிக்கும். பிடியருகே நல்ல வாயில் அரம் வழுக்கியது, கொஞ்சம்தான் கடித்தது. நடுவாயில் வைத்தால் சுருள் சுருளாக இரும்பு வந்தது. முதுகில் எப்படி வருமோ அப்படியே. நடுவாயை இன்னும் கொஞ்சம் அராவிக்கொண்டே போக, சுமார் ஒரு மி.மீ. போனதும் அரம் மறுபடி வழுக்கத் தொடங்கியது. அதற்கு மேல் சோதனை தேவைப்படவில்லை. இரும்பு நல்ல இரும்பு, பதமும் நல்ல பதம், வாயின் மேல்விளிம்பு மட்டும் வெந்திருக்கிறது.

இன்னொரு குறையும் இருந்தது: கோணம். பார்க்கப் பாகைமானி வேண்டாம். ஒரு காகிதத்தின் மூலை 90 டிகிரி. ஒரு மடிப்பு மடித்தால் 45, இன்னொரு மடிப்பு 22.5. இந்த இரண்டு மடிப்பு மூலையைக் கல்லின்மேல் வைத்து அதன் சாய்வில் அரிவாளைச் சாய்த்தால் ஒரு பக்கத்துக்கு 22.5 டிகிரி வரும். 5 செ.மீ. அகல அரிவாள் என்றால் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. உயரத்தில் நிற்கும். காய்ந்த முள்கட்டை வெட்டும் கருவிக்கு இந்த அளவு, அல்லது இதைவிடச் சற்று அதிகம்தான் சரி. சமையலறைக் கத்திக்கு 15, அதிகம் போனால் 20 போதும். கிரைண்டர் ஓட்டியவர் அரிவாளைச் சமையல் கத்தி அளவுக்கு மெலித்துவிட்டிருந்தார். மயிரைச் சிரைக்கும் கூர் வரும், வாங்குகிறவருக்கும் திருப்தி. கருவேலங்கட்டையில் முதல் கணுவிலேயே மடியும்.

வெந்ததா, மெலிந்ததா, எது முதல் காரணம்? வெந்ததுதான் என்று நினைக்கிறேன். மெலிவு மட்டும் காரணம் என்றால் கணு பட்ட இடங்களில் திட்டுத் திட்டாக மடிந்திருக்கும். இங்கே கணுவே படாத நுனியும் சேர்ந்து மடிந்திருக்கிறது.

உலைக்குக் கொண்டுபோய் மறுபடி தோய்க்கலாமா என்று சித்தப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். உடம்பு முழுக்க நன்றாக இருக்கிற அரிவாளை ஒரு மி.மீ.க்காகத் திரும்பச் செஞ்சூட்டுக்குக் கொண்டுபோனால், கோணிக்கொள்ளலாம், மேற்பரப்பில் கார்பன் எரிந்துபோகலாம். வெந்த பகுதியைக் கழித்துவிட்டாலே போதும். ஆனால் கையால்தான் கழிக்க வேண்டும்.

அரிவாளை வைஸில் முதுகு கீழாகக் கவ்வி, அரத்தைக் குறுக்கே இரு கையாலும் பிடித்து வாயின் உச்சியை முதலில் தட்டையாகவே அராவினோம். கூராக இருந்ததை மொட்டையாக்குவதைப் பார்க்க வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. வாய் முழுக்க அரம் வழுக்கும் வரை அதுதான் வேலை. அதன் பிறகு இரண்டு பக்கச் சாய்வையும் அராவி எடுத்து, இரும்புக் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல்லின் சொரசொரப்புப் பக்கத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். கல் சரியான இடத்தில் படுகிறதா என்று பார்க்க மார்க்கர் பேனாவால் சாய்வில் மை பூசிவிட்டுத் தேய்க்கலாம். மை எங்கே மிச்சமோ அங்கே கல் படவில்லை. வாயோரத்தில் மை நிற்க, மேலே மட்டும் போயிருந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும்.

ஒருபக்கம் போதும் என்பதற்கு அடையாளம் பிசிறு. எதிர்ப்பக்கத்தில் முதுகுப் பக்கமிருந்து வாயைத் தாண்டி வெளிப்பக்கமாக விரலை இழுத்தால் நகத்தில் மெல்லத் தட்டும். நுனி முதல் பிடிவரை தட்டினால் திருப்பிப் போட வேண்டியதுதான். மறுபக்கமும் அப்படியே. அப்புறம் அழுத்தத்தைக் குறைத்து மாற்றி மாற்றிச் சில இழுப்பு, கல்லின் நைஸ் பக்கத்தில் இன்னும் சில. அரிவாளுக்கு அதற்கு மேல் தேவையில்லை. முகம் பார்க்கும் அளவுக்குத் தீட்டுவதெல்லாம் காய்கறிக் கத்தியிலும் பாளை அரிவாளிலும்தான் பயன் தரும். பனையேறிகள் வெள்ளைக்கல்லைப் பொடித்து மரப்பலகையில் தூவி அதில் அரிவாளைத் தீட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாளையை வெற்றிலைக் கனத்தில் சீவ வேண்டியவர்களின் கூர் வேறு வகை.

அதன்பின் அந்தக் கோடை முழுக்க அதே வேலியை அதே அரிவாளால்தான் வெட்டினார்கள். மடியவில்லை. வழக்கமான மழுங்கல்தான் வந்தது, கல்லில் கொஞ்ச நேரம் இழுத்தால் போனது.

கத்தி

வெட்டுக்கத்தியின் கதை சுருக்கம். பொக்கைகள் அரைநிலா வடிவில், பெரியது இரண்டு மி.மீ. ஆழம். ஆனால் எல்லாம் நுனிப்பக்கம் மூன்று விரல்கடைக்குள். நடுவாயிலும் அடிவாயிலும் ஒன்றுகூட இல்லை. அரம் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி வழுக்கியது. அதாவது கடினம் எங்கும் சமம். பொக்கைக்குள் உடைந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் நைஸான பொடிமணி. தோய்ப்பதற்கு முன் அளவுக்கு மீறிக் காய்ச்சியிருந்தால் சர்க்கரை மாதிரி பெரிய மணிகளாக மினுங்கும். அப்படி இல்லை. பதம் கூடிப்போன கத்தி எங்கெல்லாம் அடி வாங்குகிறதோ அங்கெல்லாம் தெறிக்கும். இது ஒரே இடத்தில் தெறித்திருக்கிறது என்றால் அந்த இடத்துக்கு மட்டும் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தோப்பில் வேலை செய்யும் அண்ணனிடம், "அண்ணே, ஒரு இளநி சீவுங்க, சும்மா பாக்கணும்" என்றேன். பம்ப்செட் ஓரம் துணி துவைக்கிற கருங்கல்லின்மேல் இளநீரை நிறுத்திச் சீவினார். மேல்சீவல்கள் எல்லாம் காற்றில் முடிந்தன. அடியைத் தட்டையாக்குகிற கடைசி வெட்டில் நடுவாய் காய்க்குள் நிற்க, காயைத் தாண்டி நீண்ட நுனி 'ணங்' என்று கல்லில் இறங்கியது. முன்பு இதற்கென்று ஒரு கட்டை இருந்ததாம், மழையில் உளுத்துப்போய்த் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்சு எந்த அரிவாள் எஃகையும்விடக் கடினம். எந்தப் பதமும் அதற்கு எதிரில் நிற்காது. போதாக்குறைக்கு, வழுக்கையைத் திறக்க நுனியை உள்ளே விட்டு நெம்பினார். மெலிந்த வாய் வெட்டும் திசையில் நிறையச் சுமை தாங்கும், பக்கவாட்டு நெம்பலைத் தாங்காது. கல்லில் மோதி வாயில் விழுந்த விரிசல் நெம்பும்போது பொக்கையாகப் பெயர்கிறது.

கறிக்கடைக்காரர்கள் வைத்திருக்கிறார்களே, அதே புளியங்கட்டைதான் மருந்து. அடிமரத்தைக் குறுக்கே அறுத்த துண்டு, நார் மேல்நோக்கி நிற்க வேண்டும். வாய் நார்களுக்கு இடையில் இறங்கும், கட்டையும் சீக்கிரம் பிளக்காது. பக்கவாட்டில் கிடத்திய பலகை இந்த வேலைக்கு ஆகாது. பொக்கைகளில் சின்னவை போகிற வரை தீட்டிவிட்டு, பெரியதை அப்படியே விட்டோம். இரண்டு மி.மீ. பொக்கைக்காக வாய் முழுவதையும் இரண்டு மி.மீ. தின்பது கருவிக்குச் செய்யும் நன்மை அல்ல. இளநீர் சீவலுக்கு அது குறுக்கே வராது. வருகிற தீட்டல்களில் தானாகக் கரையும். நுனிப்பக்கம் மட்டும் கோணத்தைச் சற்றுக் கூட்டித் தடிப்பாக்கினோம்.

பொக்கை வாய் நெடுக விழுந்திருந்தால் தீர்ப்பு வேறு. அப்போது பதம் கூடியிருக்கிறது என்று பொருள், எவ்வளவு தீட்டினாலும் மறுபடி தெறிக்கும். ஆசாரியிடம் கொடுத்து முதுகை மட்டும் சூடாக்கி, வாயில் பழுப்பைத் தாண்டி ஊதா ஓடும்போது நிறுத்தச் சொல்ல வேண்டும். காஸ் அடுப்பில் வாயைக் காட்டி வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்கள் உண்டு. வாய்தான் முதலில் வேகும், அரிவாளுக்கு நடந்ததே இதற்கும் நடக்கும்.

பிடி

இரண்டு வாயையும் பார்க்கப் போன இடத்தில் அதைவிட மோசமான ஒன்று கண்ணில் பட்டது. அரிவாளின் பிடி ஆடியது. கோடையில் மரம் சுருங்கும், ஓட்டை பெரிதாகும். வீட்டில் செய்துவந்த வைத்தியம், வேலைக்கு முன்னால் பிடியைத் தண்ணீரில் ஊறப்போடுவது. மரம் உப்பி இறுகும். ஆனால் உப்பும்போது இரும்பைச் சுற்றியுள்ள நார் நசுங்கிவிடும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும், பிடிக்குள் செருகியிருக்கும் இரும்பு வாலும் துருப்பிடிக்கும். மழுங்கின வாய் வேலையைத்தான் கெடுக்கும். கழன்ற அரிவாள் ஓங்கின வேகத்தில் எதிரில் நிற்பவர்மேல் போகும்.

அதற்காகப் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டையும் சாக்கில் சுற்றிக் கட்டித்தான் வண்டியில் எடுத்துப் போனோம். விவசாயத்துக்கும் வீட்டுக்கும் செய்த கருவிகள் ஆயுதச் சட்டத்தின் உரிமப் பட்டியலுக்கு வெளியில்தான் இருக்கின்றன. ஆனாலும் 2021-இல் பட்டறைகளில் வாங்குபவர் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதெல்லாம் குறித்துவைக்கக் காவல்துறை சொன்ன பிறகு, திறந்த அரிவாளோடு வண்டியில் போவது வீண்பேச்சுக்கு இடம்தான்.

ஆசாரி பிடியைப் பார்ப்பதற்கு முன்னால் வாயைத்தான் பார்த்தார். பிடியருகே இருந்த நீலக்கறையை நகத்தால் சுரண்டினார். "கிரைண்டர்ல குடுத்தீங்களா? வாயை அவிச்சுட்டான்" என்றார். சித்தப்பா பதில் பேசவில்லை. பழைய பிடியைப் பிளந்து எடுத்துவிட்டு, முற்றின கருவேலங்கட்டையில் புதிது செதுக்கினார். வாலைக் கொஞ்சம் சூடாக்கி, ஓட்டைக்குள் அரக்கும் செங்கல் பொடியும் கலந்து போட்டு இறக்கினார். அரக்கு உருகி இண்டு இடுக்கெல்லாம் நிரம்பி இறுகியது. அதற்குமேல் பூண். வாலைக் காய்ச்சும்போது சூடு வாய்ப்பக்கம் ஏறாமலிருக்க அரிவாளில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டார்.

துருவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டை எஃகு துருப்பிடிக்கும் இரும்புதான். இளநீர், மாம்பால், வாழைச்சாறு எல்லாம் லேசாகப் புளிப்பானவை, துடைக்காமல் வைத்தால் ராத்திரிக்குள் செந்துரு வரும். கருநீலமாகப் படிகிற கறை வேறு, அது இருந்தால் நல்லது, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். வேலை முடிந்ததும் பச்சைக்கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டுப் போகிற பழக்கத்தை நிறுத்தச் சொன்னேன். வெட்டுமரத்தின் ஈரமும் துவர்ப்பும் வாயிலேயே ஊறும். துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்து, உலர்ந்த இடத்தில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் செருகினால் போதும். நல்லெண்ணெய், கடலெண்ணெய் நாளடைவில் பிசினாகி ஒட்டும், தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது.

கத்தி இப்போது புளியங்கட்டையில்தான் வேலை செய்கிறது. புதுப் பொக்கை இல்லை, பழைய பெரிய பொக்கை பாதியாகிவிட்டது. அரிவாளில் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. கிரைண்டரும் அரமுமாக வாய் உள்ளே போனதில், வாய்க்குப் பின்னாலுள்ள கனம் கூடியிருக்கிறது. கூர் இருந்தும் கட்டையில் முன்பைப் போல ஆழமாக இறங்குவதில்லை என்று அண்ணன் சொல்கிறார், சரிதான். கனத்தைக் கல்லில் தேய்த்துக் குறைக்கப் பார்த்தால் மாதக்கணக்காகும். அடுத்த வேலிவெட்டு முடிந்ததும் உலையில் காய்ச்சி அடித்து மெலித்து, புதிதாகத் தோய்ச்சல் கொடுப்பதாக ஆசாரி சொல்லியிருக்கிறார்.